ஓய்வெடுத்த இரத்தம்

வெள்ளவத்தையில் மழைக்கு ஒதுங்கி ஏறிய ஓட்டோவில் நனைந்த ரப்பர் மணத்தது. அந்த மணமே போதும், செத்து எத்தனையோ வருடமான கொம்பனி டொக்டர், கஞ்சி போட்ட அதே வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் உயிரோடிருந்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் இரத்தம் பரிசோதிக்கும் ஒரு சின்ன லாப்பில் வேலை. துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் வேலை செய்யும் கொம்பனிச் சுழியோடிகளுக்கு, தண்ணீரில் இறங்கலாம் என்று கையெழுத்து வைப்பவர் இவர். காலிமுகத்திடலில் அலை வந்தால் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மனிதர். ஆழத்தின் அழுத்தம் காற்றை இரத்தத்தில் கரைக்கும், அவசரப்பட்டு மேலே வந்தால் அது குமிழ்களாய்க் கிளம்பும், குமிழில் ஒட்டி இரத்தத்தட்டுகள் குறையும் என்பதெல்லாம் அவர் படித்ததுதான். படித்ததால்தான் தந்திரமும் தெரிந்திருந்தது: இரண்டு கிழமை லீவுக்குப் பிறகே இரத்தம் எடுக்க ஊசி; அதற்குள் தட்டுகள் பழையபடி ஏறிவிடும். ஓய்வெடுத்த இரத்தம் பொய் சொல்லாது என்பார். அதைப் போலப் பொய் சொல்லும் இரத்தத்தை நான் கண்டதில்லை.

ஒருமுறை என் அக்காவின் கணவர், அத்தான், அவரும் சுழியோடி, நாள் மாறி, வேலை முடிந்த கையோடு வந்துவிட்டார். தலைமயிரில் உப்பு, கழுத்தில் ரப்பர் உடுப்பின் மணம். தோள்மூட்டு குத்துகிறது என்று சிரித்தார். கடுஞ்சிவப்பாய், மனமில்லாமல், இரத்தம் ஊசிக்குள் ஏறியது. தட்டுகள் மோசமாய்க் குறைந்திருந்தன. அப்படியே எழுதிக் கொடுத்தேன். டொக்டர் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"தண்ணி குடியாமல் வந்திருக்கிறான், பிள்ளை. லீவில நிக்கட்டும், பிறகு இன்னொருக்கா எடும்."

எடுத்தேன். எல்லாம் சரியாய் இருந்தது. அந்தப் பொய்யை ஊசியால் இழுத்து, கீழே கையெழுத்தும் வைத்தவள் நான். லீவு முடிய அத்தான் இறங்கினார். மேலே தூக்கியபோது இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் சொல்லுக் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் டொக்டர் லாப்புக்கு வந்தார். அத்தானின் சுகம் விசாரிக்க அல்ல. அந்த முதல் அறிக்கையின் பிரதி அவருக்கு வேண்டுமாம். கடலுக்குப் போகிறவனின் தலையெழுத்துக்கு யார் பொறுப்பு என்றார், பழைய கடதாசிகள் லாப்புக்கு எதற்கு என்றார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அது அத்தானிடம் இருக்கிறது, வக்கீலிடம் கொண்டுபோகப் போகிறார் என்றேன். அவருடைய குரல் இறங்கியது. நாங்கள் கடைசியாய்க் கதைத்தது இதுதான்:

"ரெண்டாவதில உம்மட கையெழுத்தும் கிடக்குது, தெரியுமோ?"

"ஓம் டொக்டர். ரெண்டையும்தான் அத்தானிட்டக் குடுத்தனான்."