சிவப்புப் பொட்டு வைத்த மோட்டார்

என் கணவருக்கும் என் தம்பிக்கும் சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் நாலு வார்த்தை திட்டி, இலை போட்டு உட்கார வைத்திருப்பேன்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ரிமோட் கார் பந்தயம் நடத்தும் கூட்டம் ஒன்று இருந்தது. குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் மீசை வைத்த ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சூலூர்ப் பக்கம் ஒரு தறிக்கொட்டகையின் சிமென்ட் களத்தில் பழைய டயர்களை வளைத்துப் போட்டு ஓட்டுவார்கள். மில்லில் வேலை பார்த்த என் கணவரும் ஓட்டுவார். பம்புசெட் கம்பெனி ஒன்றில் மோட்டார் சோதிக்கும் வேலையிலிருந்த என் தம்பிதான், பந்தயத்துக்கு முன்னால் எல்லார் மோட்டாரையும் பார்த்து அனுப்புவான்.

எல்லாரும் ஒரே வகை மோட்டார்தான் போட வேண்டும், அதைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும் ஊரில் இது நடக்கிற காரியமா? மோட்டாரைக் கண்டால் இங்கே யாருக்கும் கை சும்மா இருக்காது. உள்ளே செம்புக் கம்பியைச் சில சுற்றுக் குறைத்துச் சுற்றினால் வண்டி பறக்கும். ஆனால் கரண்டையும் அதிகமாக இழுக்கும். தம்பி அதை மீட்டரில் வைத்தே பிடித்துவிடுவான். சரியாக இருந்தால் மூடியும் கூடும் சேருமிடத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பான். பிறகு யாராவது பிரித்தால் அந்தப் பொட்டு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒப்பணக்கார வீதியில் நான் ஆசையாக வாங்கிய சிவப்பு நகப்பூச்சு அது. என் நகங்களைவிட மோட்டார்கள்தான் அதிகம் பூசிக்கொண்டன.

சரியில்லாத மோட்டாருக்கு வேறு வழி இருந்தது. "திருட்டு வேலைங்க இது" என்று யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள். வேப்பமரத்தடியில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். தம்பி அந்த மோட்டாரை அதில் வைத்துத் துண்டால் மூடிவிடுவான். உரியவர் தானாக வந்து எடுத்துக்கொண்டு, "ஊட்ல கொஞ்சம் சோலிங்க, போயிட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் அவர் வந்தால் "சௌக்கியங்களா" என்றுதான் கேட்பார்கள். ஒருத்தர் மானத்தையும் வாங்காமல் காரியத்தை முடிக்கிறார்களே என்று எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

தம்பிக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்த சமயம். என் கணவர் புது மோட்டார் வாங்கியிருந்தார். புதிதில் அதன் உள்ளே உரசும் கார்பன் கட்டைகள் நன்றாகப் படிய வேண்டும் என்று ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரில் முக்கி மெதுவாக ஓடவிடுவார். போர் தண்ணீரை மோட்டாருக்குக் காட்டவே மாட்டார். தண்ணீர் கறுத்ததும் எடுத்து, வெயிலில் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில் எண்ணெய் விட மறந்துபோனார். மறந்தது அவருக்கே தெரியாது.

களத்தில் தம்பி அந்த மோட்டாரை ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவன் எழுந்துபோய் அதைத் தட்டில் வைத்துத் துண்டைப் போட்டான்.

களமே அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. என் கணவர் ரிமோட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"கெளம்பலாம் அம்மணி."

மோட்டாரை அவர் எடுக்கவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பஸ்ஸில், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றேன்.

"மாப்ளகிட்டப் போயி, நான் யோக்கியன்னு சொல்லோணுமா?"

பத்திரிகை வைக்கத் தம்பி வந்தான். "வாங்க மாப்ள, உக்காருங்க" என்றார் இவர். "இருக்கட்டுங்க மாமா" என்றான் அவன். அதுவரை "டேய் மாப்ள" என்று தோளில் கை போட்டவர், வாங்க போங்க என்று பேசினார். காபி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். மோட்டாரைப் பற்றி ஒரு பேச்சில்லை. வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? நானாவது போட்டு உடைத்திருக்கலாம். நானும் இந்த ஊர்க்காரிதானே, பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கல்யாணம் கிணத்துக்கடவில். "நீ போயிட்டு வா அம்மணி, மில்லுல ஆள் இல்ல" என்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யும் இணைச்சீர்ச் சடங்கு இல்லாமல் கல்யாணம் இல்லை. கூறைச்சேலையின் ஒரு முனையை நானும் மறுமுனையைத் தம்பியும் பிடித்திருந்தோம். அவன் கண் பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "ஊட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "வந்துட்டே இருக்கறாருங்க" என்றேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது.

தாலி கட்டி முடிந்து நான் புறப்படும்போது, தம்பி ஒரு துணிப்பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். பிரித்தேன். அதே மோட்டார். மூடியும் கூடும் சேருமிடத்தில், உடையாமல், என் சிவப்புப் பொட்டு.

"எண்ணெ இல்லாம காஞ்சு கெடந்துச்சுக்கா. ஆறட்டும்னுதான் தட்டுல வெச்சேன், மேசைல எடமில்ல. தூசி படாம இருக்கட்டும்னு துண்டப் போட்டேன். எண்ணெ உட்டு மறுக்கா ஓட்டுனா அம்சமா ஓடுச்சு. பொட்டு வெச்சுத் திரும்பிப் பாத்தா மாமாவக் காணோம்."

"அதை அன்னைக்கே வந்து சொல்றதுக்கென்ன கண்ணு?"

"எப்படிக்கா சொல்றது? உங்களச் சந்தேகப்படலீங்கன்னு மாமாகிட்டப் போயிச் சொன்னாலே, சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமல்ல?"

மோட்டாரைத் திரும்பத் துணியில் சுற்றினேன். கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் இவர் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மில்லுக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்து எடுத்துவைத்த பட்டு வேட்டி, மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது. நான் விளக்கைப் போட்டு, மோட்டாரை அவர் கையில் வைத்து, தம்பி சொன்னதை அப்படியே சொன்னேன். பொட்டைக் கட்டைவிரலால் தடவினார். அச்சை விரலால் சுண்டினார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"எண்ணெ உட்டிருக்கறான்" என்றார்.

மோட்டாரைக் கட்டிலில் கிடந்த வேட்டியின் மேல் வைத்தார். பிறகு, பதில் தெரிந்தே, என்னிடம் கேட்டார்.

"முகூர்த்தம் முடிஞ்சுருச்சா அம்மணி?"

"முடிஞ்சுருச்சுங்க" என்றேன்.