மாத்திரைக்குக் காத்திருந்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்கு இருந்த நோயை இந்த நினைவு மலரில் மறைக்க வேண்டாம் என்று அண்ணி சொன்னார். அது எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று அண்ணன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய பெற்றோருக்கு அவர் மூத்த மகன். சுனாமியில் இருவரையும் இழந்தபின் என்னைப் போர்ட் பிளேருக்கு அழைத்து வந்தார். அங்கே ஜங்லிகாட் பகுதியில் ஒரு ஸ்கூட்டர் பட்டறையில் உழைத்து எனக்குத் திருமணமும் செய்து வைத்தார்.

நோய் தெரிந்த அன்று நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

"எதிர்ப்பு அணு கவுண்ட் நல்லாத்தான் இருக்கு. வரம்புக்குக் கீழ போனாத்தான் மாத்திரை. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர்.

"கொறையிற வரைக்கும் சும்மா இருக்கவா, சார்?"

"இப்போதைக்கு விதி அப்படித்தான் இருக்கு."

பெயரில்லாமல் அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று அங்கிருந்த ஆலோசகர் அம்மா கேட்டார். "சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சவங்க எப்படி இருக்காங்க, லேட்டானவங்க எப்படி இருக்காங்கன்னு வருசக்கணக்கா பாப்பாங்க. அதை வச்சும்தான் விதியை மாத்துவாங்க."

"அப்ப நான் லேட்டானவங்க வரிசை" என்று சொல்லிவிட்டு அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் மாதம் இருமல் பிடித்தது. "டீக் ஆனதும் வா, ஜல்தி இல்ல" என்று உடம்பு தேறும்வரை லீவு கொடுத்தார் பட்டறை முதலாளி. பரிசோதித்ததில் காசநோய்; கவுண்ட்டும் அதலபாதாளத்தில் இருந்தது. காசநோய் மருந்தை முதலில் கொடுத்தார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை அண்ணன் பதினோரு நாள்தான் சாப்பிட்டார். கடைசி இரண்டு நாள் நான் ஸ்பூனில் ஊட்டிய தண்ணீர்கூட இறங்கவில்லை.

அவர் போன சில மாதங்களில் மாத்திரைக்கான வரம்பை உயர்த்தினார்கள்; கவுண்ட் அவ்வளவு குறையும்வரை இனிக் காத்திருக்க வேண்டாம். காத்திருந்தவர்களே அதிகம் இறந்ததைப் பல ஊர்க் குறிப்புகளில் கண்டதும் அதற்கு ஒரு காரணம் என்றார் டாக்டர். அண்ணனின் தாள்களும் அவற்றில் சேர்ந்தனவா, தெரியாது. அண்ணிக்கும் அந்த நோய் இருந்தது. அவருக்கு உடனே மாத்திரை கிடைத்தது.

"என் கவுண்ட் எவ்வளவு, சார்?"

டாக்டர் சொன்னார். முதல் நாள் அண்ணனுக்கு இருந்ததும் ஏறக்குறைய அதேதான்.

"அன்னைக்கு அவருக்கும் இதைக் குடுத்திருக்கலாம்ல?"

"குடுக்க என்னால முடியலம்மா" என்றார்.

உறவினர் சிலர் தொடத் தயங்கியபோது அண்ணனைக் குளிப்பாட்டிய பட்டறை நண்பர்களுக்கும், ஆலோசகர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி உடையது. டாக்டருக்கும் நன்றி எழுதச் சொன்னார் அண்ணி. எழுதிவிட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தங்கை