கோடு விழுந்த எலிப்பல்

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மைக் கம்பெனி. பதினாறு வருஷமாகப் பானுமதிக்கு அங்கே ஒரே வேலைதான். கரைத்த மண்ணைச் சல்லடையில் ஊற்றி, மேலே தங்கும் கப்பியை ஒதுக்க வேண்டும். ஒரு சுண்ணாம்புக்கல் துணுக்கு தப்பிப் போனாலும் பொம்மை சூளையில் வெடித்துவிடும். அவள் கண்ணுக்குத் தப்புவது அபூர்வம்.

சல்லடை விசாரிக்கத்தான் சிவசங்கரி அங்கே வந்தாள். கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் வெள்ளாற்றங்கரையில் குழி வெட்டி, மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்து மூட்டை கட்டி வைத்திருந்தாள். பானுமதி சல்லடை பிடிக்கிற பக்குவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஞாயித்துக்கிழமையில எனக்குக் கொஞ்சம் மண்ணு அலசித் தருவீங்களா?”

“மண்ணுல என்னா தேடுறீங்க மேடம், தங்கமா?”

“எலிப்பல்லு.”

பானுமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிவசங்கரியும் சிரித்துக்கொண்டே விளக்கினாள். “ஆந்தை எலியைப் புடிச்சுத் தின்னுட்டு, எலும்பையும் பல்லையும் உருண்டையாக் கக்கிடும். அது மண்ணுக்குள்ள பல ஆயிரம் வருஷம் கெடக்கும். மாடும் மானும் தண்ணி தேடி எங்க வேணா போவும். எலி அப்படிப் போவாது. அதனால எந்த எலின்னு தெரிஞ்சா, அப்ப இந்த எடம் ஈரமா இருந்துச்சா, காஞ்சு கெடந்துச்சான்னு சொல்லிடலாம்.”

பானுமதி வீட்டுக் குழாயடியில் வேலை தொடங்கியது. மூட்டை மண்ணை ஊறவைத்து, சலித்து, மிஞ்சியதைக் காயவைத்து, கறுப்புத் துணியில் பரப்பி, ஈரப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். எள்ளைவிடச் சற்றே பெரிய பற்கள். மூன்றாவது வாரம் மேலடுக்கு மண்ணில் ஒரு முன்பல் கிடைத்தது. லென்ஸில் பார்த்தால், நகத்தால் கிழித்ததுபோல் நடுவில் ஒரு கோடு.

“மேடம், இது வெள்ளெலி.”

“எப்படிக்கா சொல்றீங்க?”

“எங்க அம்மா வூடு வேப்பூர்ப் பக்கம். மானாவாரிக் கொல்லைதான். வளையத் தோண்டி, அது பதுக்கின கடலைய எடுப்போம். செத்த எலியோட மேப்பல்லப் பாத்திருக்கேன், இதே கோடு. தண்ணி நிக்கிற நெலத்துல அது இருக்காது.”

சிவசங்கரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு ‘என்ன எலிக்கா?’ என்று முதலில் பானுமதியிடம்தான் கேட்பாள்.

கீழடுக்கு மூட்டைகளில் வயலெலியும் மூஞ்சூறுமாகவே வந்தன. எல்லாம் ஈரத்து ஜீவன்கள். இருபத்துமூன்றாம் மூட்டையில் மட்டும் கோடு விழுந்த பல் மூன்று கிடைத்தது. சிவசங்கரி போனில் கத்தியே விட்டாள். “அக்கா, கீழ இருக்குறதுதான பழைய மண்ணு, அப்ப நாம நெனச்சதுக்கு ரொம்ப முன்னாடியே வறட்சி வந்திருக்குது! சென்னை மீட்டிங்ல இதத்தான் பேசப்போறேன்.”

போனை வைத்த பிறகுதான் பானுமதிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மகள் கனிஷ்கா நர்ஸிங் பரீட்சையில் பாஸாகிவிட்டதாகக் கூப்பிட்டது அந்த மூட்டையை அலசிய ஞாயிற்றுக்கிழமைதான். பேசி முடித்த சந்தோஷத்தில், மேலடுக்கு மண் அலசிய சல்லடையைக் கழுவாமலே கீழடுக்கு மண்ணைக் கொட்டியிருந்தாள். மேலடுக்குப் பற்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிவசங்கரி நாலு பேர் முன்னால் நின்று பேசப்போவது, தான் கழுவாத சல்லடையை நம்பித்தானே என்ற நினைப்புதான் அவளை அரித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேரே சிவசங்கரி வீட்டுக்குப் போய், நின்றபடியே சொல்லி முடித்தாள்.

சிவசங்கரி சென்னையில் பேச எழுதிக்கொண்டிருந்த தாள்களை மூடி வைத்தாள். “இத அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?”

“அன்னிக்கு எனக்கே தோணல மேடம். நீங்க சந்தோசப்பட்டப்புறந்தான் நெனப்பு வந்துச்சு.”

டீ கூடக் குடிக்காமல் திரும்பினாள். பன்னிரண்டு நாள் போன் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குழாயடிப் பக்கம் போகவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் சிவசங்கரியே கூப்பிட்டாள். “குழிக்கு வாங்க. மண்ணை மறுபடி எடுக்கணும். இந்தத் தடவ நீங்களே எடுங்க.”

அன்றுதான் பானுமதி அந்தக் குழிக்குள் முதல்முறையாக இறங்கினாள். மேலே வெளுத்த மண், அதில் சுண்ணாம்பு உருண்டைகள். கீழே கையில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புக் களி. முகர்ந்தால் குளத்துச் சேற்று வாசம். ஆறு மூட்டை கட்டினாள். நாலு ஞாயிற்றுக்கிழமை அலசினாள். ஒவ்வொரு மூட்டைக்கும் சல்லடையைக் கழுவி, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டே அடுத்ததைத் தொட்டாள்.

கோடு விழுந்த பல் ஒன்றுகூட வரவில்லை.

“அப்ப, கீழ எல்லாம் ஈரந்தான்,” என்றாள் சிவசங்கரி. “வறட்சி மேலடுக்குலதான் வந்திருக்குது.” சென்னைப் பேச்சிலிருந்து அந்தப் பக்கத்தை அடித்துவிட்டாள். முகத்தில் ஏமாற்றம் இருந்தது. பானுமதிக்கும் மனசு கனத்தது, தானே ஒரு நல்ல சேதியைக் கொன்றுவிட்ட மாதிரி. ஆனாலும் அன்றைக்குச் சோறு இறங்கியது.

கிளம்பும்போது சிவசங்கரி பானுமதி வீட்டு வாசலில் நின்று சொன்னாள். “தை மாசம் பெண்ணாடம் பக்கம் இன்னொரு குழி வெட்டுறோம்க்கா. கம்பெனியில லீவு கேட்டு வைங்க.”

“கேக்குறேன் மேடம்,” என்றாள் பானுமதி.