நாலாம் பிரிவில் ஒரே ஒரு வெற்றி

அந்த வருடம் நாங்கள் பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பதினொன்றில் தோற்றிருந்தோம். மற்ற இரண்டும் சமநிலை. அதிலும் ஒன்றில் எதிர்த்தரப்புக்கு ஆள் குறைவு. ஸ்காபரோவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த அந்த உதைபந்தாட்ட லீக்கில் நாலு பிரிவுகள். நாங்கள் நாலாவதில் கடைசி. அதற்குக் கீழே புல்லுத்தான்.

நான் ரீமின் செயலாளர். பின்வரிசையில் விளையாடுவேன் என்றும் சொல்லிக்கொள்வேன். ஞாயிறு காலை எழும்பினால் ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுப்பதுதான் என் முதல் வேலை. ஒருவனுக்கு ஓவர்ரைம், இன்னொருவன் ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவப் போய்விட்டான். வேறொருவனின் மனைவி, "அவர் குளிக்கிறார்" என்பார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தாலும் குளித்துக்கொண்டுதான் இருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு எட்டுப் பேரோடு போய் ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு வந்தோம்.

கப்டன் அண்ணைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டுதான் இறங்குவார். கிழமையில் ஆறு நாள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காக நாலு வருடமாகக் காத்துக்கிடந்தார்கள். வேலை முடிந்து பேஸ்மென்ற் அறைக்குத் திரும்பினால் அவரோடு கதைக்க ஒரு ஆள் இல்லை. ஞாயிறு மட்டும்தான் அவர் சிரித்து நான் கண்டிருக்கிறேன். ஒன்பது கோல் வாங்கிய அன்றுகூட, திரும்பி வரும் வான் வண்டிக்குள் எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்க, "பத்து விடேல்லைத்தானே" என்று சொல்லிச் சிரித்தார்.

ஓகஸ்ற் கடைசியில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. மைதானங்கள் போதவில்லை, நாலாம் பிரிவில் கடைசியாக வரும் ரீமுக்கு அடுத்த வருடம் இடமில்லை. கப்டன் அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இதுவும் போனால் நான் ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்யிறது, தம்பி?" என்றார்.

கடைசி ஆட்டம் எங்களுக்கு ஒரு படி மேலே இருந்த ரீமோடு. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். வென்றால் தப்பினோம், சமநிலை என்றாலும் அவுட். அன்று காலை பார்த்து எங்கள் முன்வரிசை ஆட்டக்காரனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வீட்டிலோ மனைவியின் தம்பி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கலியாணம் ஒன்றுக்காகப் பாரிஸிலிருந்து வந்தவன். அங்கே புறநகரில், எங்களுடையதைப் போலவே அடிமட்டத்தில் இருந்த ஒரு ரீமில் விளையாடுகிறவன். நான் முன்வரிசைக்காரனின் படம் ஒட்டிய லீக் அடையாள அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"அத்தான், இதில மீசை இருக்கு" என்றான்.

"வழிச்சுப்போட்டன் எண்டு சொல்லு. ரெஃபரிக்கு எங்கட மூஞ்சியெல்லாம் ஒண்டுதான்."

கப்டன் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. முழங்கால் பட்டியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். பிறகு, "சரி. ஆனா ஒருத்தரும் வெளியில வாய் திறக்கக்கூடாது" என்றார். நான் சொன்னபடியே ரெஃபரி படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தன் மேலுதட்டைத் தடவிக் காட்டினார். மச்சான் கையால் சவரம் செய்து காட்ட, சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மூலை உதை ஒன்று வந்தது. பந்து மச்சானின் தோளில் பட்டு உள்ளே போனது. தலையால் அடித்தேன் என்று அவன் இன்றைக்கும் சொல்வான். விசில் ஊதியதும் கப்டன் அண்ணை நடுமைதானத்தில் குந்தியிருந்து, பட்டியை அவிழ்த்துவிட்டு அழுதார். நான் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன்.

அதோடு என் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளை சோதனை பாஸ் பண்ணினாலும், கடை திறந்தாலும் பேப்பரில் படத்தோடு வாழ்த்துப் போடவேண்டும். தமிழ்க் கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் வாரப் பத்திரிகை ஒன்றில் கால்பக்க விளம்பரம் பிடித்தேன். நானே எழுதினேன், மூன்று தரம் திருத்தினேன். ‘பாரிஸ் மண்ணிலிருந்து பறந்து வந்து வெற்றிக் கோலை ஈட்டித் தந்த எங்கள் அன்பு மைத்துனருக்கு’ என்று தொடங்கி, படத்துக்குக் கீழே அவன் முழுப்பெயரையும் போட்டேன். தமிழில் இருப்பதை எந்த வெள்ளைக்காரன் வாசிக்கப்போகிறான்?

எதிர்த்தரப்பின் கோல்கீப்பர் தமிழ்நாட்டுக்காரர், கொம்பியூட்டர் வேலை. மைதானத்தில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சு அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. ஸ்காபரோவில் அரிசி வாங்கப் போனவர் பேப்பரையும் எடுத்துக்கொண்டு போய் லீக்கில் கொடுத்திருக்கிறார்.

விசாரணை ஒரு புதன்கிழமை பின்னேரம் சமூக நிலையத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் லீக்காரர் மூன்று பேர், நடுவில் என் கால்பக்கம். கோல்கீப்பரை வாசிக்கச் சொன்னார்கள். அவர் முதலில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க டீமும் போயிடக் கூடாதுல்ல."

பிறகு என் வசனத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, ஆங்கிலத்திலும் சொன்னார். நான் நிலத்துக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அட்டையில் இருக்கிறவரும் கோல் போட்டவரும் ஒரே ஆளா என்று கப்டன் அண்ணையிடம் கேட்டார்கள். ஓம் என்று சொல்லி இழுத்தடித்திருக்கலாம். அவர் இல்லை என்றார். வெற்றி அவர்களுக்கு, எங்களுக்கு வெளியே போகும் வழி.

வானுக்குள் ஏறியதும் கப்டன் அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரியாமல் செய்து சந்தோசப்படுத்துவம் எண்டு நினைச்சன், அண்ணை."

அது பாதிதான் உண்மை. வாழ்த்தின் அடியில் ‘செயலாளர்’ என்று தடித்த எழுத்தில் என் பெயரையும் போட்டிருந்தேன். அதைப் பார்க்கும் ஆசைதான் என்னைப் பிடித்துத் தள்ளியது. அவர் அதை வாசித்திருப்பார். வாசித்தும் அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஏப்ரலில் றிச்மண்ட் ஹில் பக்கம் வேறொரு லீக்கில் இடமிருப்பதாக அறிந்து, துள்ளிக்கொண்டு அவருக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"நான் ஞாயிறு வேலைக்கும் எழுதிக் குடுத்திட்டன், தம்பி" என்றார்.

"ஏழு நாளுமோ, அண்ணை? ஏதும் கஷ்டமோ?"

"கஷ்டம் ஒண்டுமில்லை. இப்ப எந்த நாள் என்ன கிழமை எண்டு எனக்குத் தெரியாது. அது நல்லது."