செல்வம்மாளின் தேக்கு பீரோ

மணப்பாட்டிலிருந்து 1956இல் போர்ட் பிளேருக்குக் கப்பலேறியபோது, செல்வம்மாள் தன் பூட்டன் காலத்துத் தேக்கு பீரோவையும் ஏற்றிக்கொண்டாள். தீவில் கிடைத்த குடிசையில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. வருஷத்தில் பெரும்பகுதி மழை பெய்யும் ஊர்; கரையான் சும்மா விடாது. நான்கு கால்களையும் மண்ணெண்ணெய் ஊற்றிய பால் டப்பாக்களில் நிறுத்தினாள். சனிக்கிழமைதோறும் கதவு, தட்டு, முதுகுப்பலகை என்று வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். யாராவது அதில் சாய்ந்து நின்றால் போதும், வாயில் வந்ததைச் சொல்லித் துரத்துவாள்.

கடலிலிருந்து நனைந்து வரும் கணவர் கஸ்பாருக்கு அது எரிச்சல். "என் முதுகுக்கு ஒரு நாளாவது எண்ணெ தேச்சிருப்பியா? நான் செத்தாலும் நீ அதத்தான் தொடச்சிட்டு இருப்ப" என்பார்.

"ஆமா, அது சாராயம் குடிச்சிட்டு வராதுல்லா" என்பாள்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஆடி மழையில் காய்ச்சல் கண்டு கஸ்பார் போய்விட்டார். சவப்பெட்டி செய்ய வந்த ஆசாரி பிரகாசம், தீவு மரமான படாக்கில் பலகைகள் கொண்டுவந்திருந்தார். செல்வம்மாள் பீரோவைக் காட்டி, "அதப் பிரிங்க" என்றாள்.

"நல்ல பலகை கொண்டாந்திருக்கேன், அக்கா."

"பிரிங்கன்னா பிரிங்க."

பெட்டி தயாரானதும் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து உள்ளும் புறமும் துடைத்தாள். அவர் முதுகு படும் அடிப்பலகைக்கு மட்டும் இன்னொரு தடவை எண்ணெய் தொட்டாள்.

"ஜல்தி முடிம்மா, சாமியார் காத்திருக்கார்" என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

"இருங்க" என்றாள் செல்வம்மாள். "மண்ணுக்குள்ளயும் கரையான் உண்டுல்லா."