நடைப் பதிவேடு

எங்கள் அலுவலகம் வேங்கிக்காலில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், ஊழியர்களின் இதயத்தைக் காப்பாற்றியே தீருவதென்று மேலதிகாரி முடிவெடுத்தார். ஒரு டாக்டர் வந்து எல்லோருக்கும் பிரஷர், சுகர் பார்த்தார். ஜாஸ்தி இருந்தவர்கள் தினமும் காலையில் சட்டை நனைய வேகமாக நடக்க வேண்டும். பிறகு அலுவலகம் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவேடு என் மேசையில். கட்டிலை விட்டு இறங்காதவர்கள்கூடக் கையெழுத்தை மட்டும் தவறவிடவில்லை. எனக்குப் பாம்புச் செவி, யார் நடந்தார் யார் தூங்கினார் என்பது தெரிந்துவிடும்.

உண்மையிலேயே நடந்தவர் தபால் பிரிவு எழுத்தர் ஒருவர்தான். அவருக்கு ஐம்பது வயது. அவருடைய அப்பா அதே ஐம்பதில், ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். இந்த ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்பதுதான் இவருடைய வேண்டுதல். ஆனால் மூன்று மாதம் நடந்தும் பிரஷர் இம்மியும் இறங்கவில்லை. ஏன் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீடு இருந்த அடி அண்ணாமலைக்கே போய், கூட நடந்தேன்.

கிரிவலப் பாதையில் இடது ஓரமாக, அடிமேல் அடி வைத்து நடந்தார். தலையில் கூடையோடு வந்த கீரைக்கார அம்மா எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"டாக்டர் வேகமா நடக்கச் சொன்னாரே சார்?"

"மலை சுத்தற பாதையில வேகமா போலாமா மேடம்? நிறைமாச கர்ப்பிணி மாதிரி போவணும்னு பெரியவங்க சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு. மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே அவரை வரச்சொன்னேன். பக்தி குறுக்கே வராத பக்கத்து மைதானத்தில், வேகமாக நடக்கச் சொல்லி நானும் நடந்தேன். இரண்டாவது சுற்றில் நின்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை.

"மூணு மாசமா இப்டித்தான். வேகமா நடந்தா நெஞ்ச அழுத்துது. மெதுவா போனா ஒண்ணும் தெரியல. டாக்டர் கேட்டப்போ இல்லன்னுட்டேன். சொன்னா, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுன்னு ஆயிடுமே மேடம்."

கர்ப்பிணிக் கதையை நம்பிச் சிரித்த என்மீதே எனக்கு ஆத்திரமாக வந்தது. அலுவலக ஜீப்பை வரவழைத்து அன்றே வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். சரி செய்து அனுப்பினார்கள்.

தன்னுடைய ஐம்பத்தோராவது பிறந்தநாளன்று சாக்லேட் டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். வாழ்த்துச் சொன்னேன். டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"இன்னியிலேர்ந்து எங்கப்பா என்னவிட சின்னவரு மேடம்" என்றார்.