வெறும் வயிறு: ஆம்

வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதென்றால், கடைசியாகச் சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இது நான் இயற்றிய விதி அல்ல. என் மகன் வேலை பார்த்த தொழிற்சாலையின் மருத்துவப் படிவத்தில், பின்பக்கம், யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

அவன் ஒரகடம் பக்கம் ட்ரெய்னியாக இருந்தான். பணி நிரந்தரத்துக்கு மருத்துவச் சான்று மட்டும் பாக்கி. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நர்ஸ் கேட்டாராம்: "காலையில எதுனா சாப்ட்டியா தம்பி?" இல்லை என்றிருக்கிறான். பொய் அல்ல. விடிகாலை நான்கு மணிக்குக் கேன்டீனில் தின்ற எலுமிச்சை சாதமும் போண்டாவும் அவனைப் பொறுத்தவரை ராத்திரிச் சாப்பாடு. படிவத்தில் 'வெறும் வயிறு: ஆம்' என்று விழுந்தது. சர்க்கரை அதிகம், தற்காலிகமாகத் தகுதியில்லை என்று பயிற்சிக் காலத்தை நீட்டினார்கள்.

பணியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான கேஸ் என் மேஜைக்கு வந்ததில்லை. மேல்முறையீடு எழுதினேன். படிவத்தின் பின்பக்க நகல், முதல் இணைப்பு. கேன்டீன் டோக்கன், இரண்டாவது. இரவில் விழித்திருப்பவர்களுக்கு ஹார்மோன்கள் நேரம் மாறிச் சுரப்பதையும் சர்க்கரை ஏறுவதையும் ஆராய்ந்து வருகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த கட்டுரை, மூன்றாவது. பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டுடன். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினேன்.

இரண்டாவது நினைவூட்டை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, புள்ள சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிக்கினே கீறான். பேண்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. பஸ் ஸ்டாண்டாண்ட லேப் இருக்குதே, இன்னொரு வாட்டி பாத்துட்டா இன்னா?"

வெயில் காலம் என்றேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நாமாக வெளியே பரிசோதிப்பது முறையல்ல, நம் வாதம் பலவீனப்படும் என்றும் விளக்கினேன்.

"அவன் இன்னா ஃபைலா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனி மாதம் கம்பெனி பஸ்ஸில் மயங்கி விழுந்தான். கூட வந்த பையன்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போய்க் குனிந்து பார்த்தபோது அவன் மூச்சில் கனிந்த பழ வாடை அடித்தது. இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பே அழித்துவிடுகிற வகைச் சர்க்கரை நோய், சின்ன வயதிலும் வரும் என்றார் டாக்டர். நைட் ஷிப்டால் இருக்குமோ என்று கட்டுரையை நினைத்துக் கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். எப்போதிலிருந்து மெலிந்தான் என்று கேட்டார். எனக்குத் தேதி தெரியவில்லை. நினைவூட்டுகளின் தேதி தெரியும். மூன்றாவது சட்டைப் பையில் இருந்தது.

பிழைத்துக்கொண்டான். இன்சுலினை ஃப்ரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். காலையும் மாலையும் அவனே ஊசி போட்டுக்கொள்வான். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு என்ன தோன்றும் என்று கேட்டால், ஒன்றும் தோன்றாது.

பிறகு தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தது. நான் சுட்டிக்காட்டியது சரியாம். முதல் பரிசோதனை விதிப்படி எடுக்கப்படாததால் அதன் முடிவு ரத்து. மகனை மறுபரிசோதனைக்கு அனுப்பவும், வெறும் வயிற்றில். தபால்காரர், வல்லக்கோட்டைக்குப் போகிற காவடிக் கூட்டத்தில் மாட்டித் தாமதமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் குறித்தேன். 2004, ஆடிக் கிருத்திகை.